கணினி உறைந்து நின்ற இருபத்து நான்கு நாட்கள்

சேலம் குகையில் எங்கள் வீட்டு மாடி அறைதான் என் அலுவலகம். ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு பிரின்டர், ஓர் இரும்பு பீரோ. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் உள்ள பதினோரு வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கும், ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்துக்கும் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கிறேன். கணினியைப் பயன்படுத்தத் தெரியும், பழுது பார்க்கத் தெரியாது. 2024 ஜூன் 26 முதல் ஜூலை 19 வரை அந்தக் கணினி என்னைப் படுத்திய பாட்டை யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் 7,030 ரூபாயில் பாதியாவது மிஞ்சியிருக்கும், ஒரு நல்ல வாடிக்கையாளரும் கையைவிட்டுப் போயிருக்க மாட்டார். யாரும் சொல்லவில்லை. எனவே நான் சொல்லிவைக்கிறேன்.

ஜூன் 26 புதன்கிழமை காலை. ஒரு பட்டறையின் சீட்டுகளை டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றிக்கொண்டிருந்தேன். வெள்ளி எத்தனை கிராம், டச் (வெள்ளியின் சுத்தம்) எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பென்சிலில் கிறுக்கிய துண்டுக் காகிதங்கள். அதில் ஓர் எண் ஏழா ஒன்றா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பினால், தட்டுவது எதுவும் திரையில் விழவில்லை. மவுஸ் அம்பு நகர்கிறது. ஆனால் எதன் மேல் வைத்து அழுத்தினாலும் பேச்சு மூச்சில்லை. திரையின் மூலையில் மணி 10:42. சுவர்க் கடிகாரத்தில் 10:50. எட்டு நிமிடமாகச் செத்துக்கிடந்த கணினியை நான் உயிரோடு இருப்பதாக நினைத்திருக்கிறேன். பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தேன், மறுபடி போட்டேன், ஓடியது. மதியம் மறுபடி நின்றது. மாலைக்குள் மூன்று முறை.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு இது உதவும். கணினி உறைவதிலும் வகை உண்டு. மவுஸ் அம்பும் அசையாமல், விசைப்பலகையில் நம் லாக் (Num Lock) பொத்தானை அழுத்தினால் அதன் விளக்கும் மாறாமல் முழுதாக விறைத்துப்போவது ஒரு வகை. ரேம் (தற்காலிக நினைவகம்), சூடு, மின்சாரம், வீடியோ கார்டு என்று வன்பொருள் பக்கம் சந்தேகம் போகவேண்டியது பெரும்பாலும் அங்கேதான். அம்பு நகர்கிறது, நம் லாக் விளக்கு எரிந்து அணைகிறது, ஆனால் எந்த நிரலும் திறக்கவில்லை என்றால், உள்ளே யாரோ எதற்கோ காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். வட்டு (ஹார்டு டிஸ்க்) பதில் சொல்லவில்லை, அல்லது வட்டுக்கும் நிரலுக்கும் நடுவில் யாரோ குறுக்கே நிற்கிறார்கள். என்னுடையது முதல் நாளிலிருந்தே இந்த இரண்டாவது வகைதான். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "அடிக்கடி நின்றுவிடுகிறது, தம்பி" என்று மட்டும் சொன்னேன். மருத்துவரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்வதுபோல.

தம்பி என்று நான் சொல்வது, நாங்கள் வழக்கமாகக் கூப்பிடும் கணினிக் கடைப் பையனை. கெட்ட பையன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 28ஆம் தேதி வீட்டுக்கு வந்தான். பெட்டியைத் திறந்தான். சங்கராந்திக்கு ஒட்டடை அடித்த வீடுபோல் தூசு பறந்தது. ரேமைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகளின் அழி ரப்பரால் அதன் பொன்னிறக் கால்களைத் தேய்த்து, மறுபடி பொருத்தினான். "அக்கா, ரேம் கொஞ்சம் தளர்ந்திருந்தது, இனிமேல் ஓடும்." முந்நூறு ரூபாய். அன்று மாலை ஓடியது. மறுநாள் நின்றது.

ஜூலை 1ஆம் தேதி, 4 ஜிபி ரேம் போதாது என்று இன்னொரு 4 ஜிபி. ரூ.1,700. அன்று இரவே நின்றது. ஜூலை 4ஆம் தேதி பெட்டியை ஸ்கூட்டியின் கால்வைக்கும் இடத்தில் நிறுத்தி, இரண்டு கால்களாலும் அணைத்துக்கொண்டு, கடைக்கு நானே கொண்டு போனேன். செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் காலை நேரத்தில் சுமை வண்டிகளுக்கு நடுவே அப்படி ஓட்டிப் பாருங்கள், கணினி பழுதெல்லாம் சின்ன விஷயமாகிவிடும். பழைய ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்றார்கள். அதற்குப் பதிலாக வேகமான புது வகை வட்டான எஸ்எஸ்டி ரூ.2,600, அதில் விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் தர ரூ.500. பழைய டிஸ்க்கிலிருந்து என் கணக்குக் கோப்புகளை அங்கேயே எடுத்துப் போட்டார்கள். வீட்டுக்கு வந்து போட்டதும் அரை நிமிடத்தில் திரை வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனி இந்தத் தொல்லை இல்லை என்று காமாட்சி விளக்கை ஏற்றி வைத்தேன்.

5, 6, 7 மூன்று நாளும் வெண்ணெய் போல ஓடியது. 8ஆம் தேதியும் ஓடியது. 9ஆம் தேதி காலை, முக்கால் பக்கம் தட்டிய கடிதத்தோடு நின்றது.

நான் தவறவிட்ட பெரிய குறிப்பு இதுதான். விண்டோஸைப் புதிதாகப் போட்டால் சரியாகிறது, சில நாளில் திரும்புகிறது என்றால், வன்பொருள் மேல் சந்தேகம் குறைய வேண்டும். போன டிஸ்க் புது விண்டோஸுக்காக நாலு நாள் நல்ல பிள்ளையாக இருக்காது. அந்த நாலு நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் நடுவில் கணினிக்குள் என்ன புதிதாக வந்தது என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்ட கேள்வி "எஸ்எஸ்டியும் டூப்ளிகேட்டா?" என்பதுதான்.

ஜூலை 11 இரவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உண்மையான நட்டம் அன்றுதான். மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைப் பட்டியலுக்குக் கடைசி நாள் 11. விற்பனைப் பட்டியலை அன்று இரவு பன்னிரண்டு மணிக்குள் ஏற்றினால், வாங்கியவரின் கணக்கில் 14ஆம் தேதி உருவாகும் ஜிஎஸ்டிஆர்-2பி என்ற பட்டியலில் அந்த வரி வரவு (அவர் தன் வரியில் கழித்துக்கொள்ளும் தொகை) வந்துவிடும். 12ஆம் தேதி ஏற்றினால் அடுத்த மாதம்தான் வரும். ஒரே நாள் தாமதம், ஆனால் வாங்கியவருக்கு ஒரு மாதத் தாமதம். வழக்கமாக நான் 9ஆம் தேதியே முடித்துவிடுவேன். அந்த மாதம் எல்லாம் பின்தங்கி, கடைசி நாள் இரவு மூன்று பட்டறைகள் பாக்கி. இரண்டை முட்டி மோதி முடித்தேன். மூன்றாவது, பெங்களூருக்கு மொத்தமாகச் சரக்கு அனுப்பும் பட்டறை. மணி 11:20. தூங்கப் போயிருந்த பட்டறைக்கார அண்ணனை எழுப்பி, அவர் போனுக்கு வந்த ஓடிபியை வாங்கினேன். ஆறு இலக்கத்தில் நாலைத் தட்டியிருப்பேன். ஐந்தாவது விழவில்லை. திரையில் நாலு புள்ளிகள், பக்கத்தில் துடிக்காத கோடு. போனில் அண்ணன், "வந்துவிட்டதா அம்மா, வந்துவிட்டதா?" என்கிறார். அணைத்துப் போட்டு, மறுபடி உள்ளே நுழைந்து, மறுபடி ஓடிபி கேட்டு, அது வருவதற்குள் மறுபடி நின்றது. அப்படியே மணி பன்னிரண்டைத் தாண்டியது.

மறுநாள் காலையில், நிற்காத ஓர் அரை மணி நேரத்தைப் பிடித்து, கோப்பைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தாக்கல் செய்தேன். அதற்கு 180 ரூபாய். பெங்களூர் வியாபாரி தன் 2பியில் வரவு இல்லை என்று சொல்லி, வெள்ளிக்கான 3 சதவீத வரித் தொகையைப் பட்டறைக்குக் கொடுக்காமல் நிறுத்திவைத்தார். பன்னிரண்டு லட்ச ரூபாய்ச் சரக்குக்கு 36,000 ரூபாய். பட்டறை அண்ணனுக்கு அந்தப் பணம் அடுத்த மாதம் வந்துவிட்டது. ஆனால் அந்த இடைவெளியில் அவர் ஆட்களுக்குக் கூலி கொடுக்கக் கைமாற்று வாங்கினார். ஆகஸ்டில் கணக்குப் புத்தகங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "உன் நேரம் சரியில்லை அம்மா" என்றார். மாதம் 1,500 ரூபாய் வருமானம் அதோடு நின்றது. அவர் திட்டியிருந்தால் எனக்கு இத்தனை வலித்திருக்காது.

13ஆம் தேதி, கணினிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மாற்றினோம், ரூ.1,250. எங்கள் தெருவில் மின்சாரம் ஏறி இறங்குவதால் அது பழுதாகியிருக்கும் என்பது காரணம். அதைத் தனியாக விவரிக்க ஒன்றுமில்லை, பயனில்லை. 15ஆம் தேதி திங்கட்கிழமை இரண்டாவது முறையாக விண்டோஸ், இன்னொரு ரூ.500. பழையபடி நன்றாக ஓடியது. 17ஆம் தேதி ஆடி முதல் நாள். 18ஆம் தேதி நின்றது. 20ஆம் தேதி, வரி கட்டும் மாதப் படிவமான ஜிஎஸ்டிஆர்-3பிக்குக் கடைசி நாள். தாமதமானால் வரி உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரிக்கு 18 சதவீத வட்டி. ஒன்பது பேருடையது பாக்கி.

19ஆம் தேதி ஆடி முதல் வெள்ளி. தெருவில் மாரியம்மன் பாட்டு காதைப் பிளக்கிறது, வீட்டில் கூழ் ஊற்றுகிறார்கள், நான் மாடியில் நின்றுபோன திரைக்கு முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறேன். மதியத்துக்கு மேல் தம்பி போன் செய்தான். "அக்கா, செய்தி பார்த்தீர்களா? உலகம் முழுக்கக் கணினிகள் நின்றுவிட்டன. விமானமே போகவில்லையாம். உங்களுடையதும் அதுதான் போல." ஒரு மணி நேரம் நான் அதை நம்பினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. உலகத்துக்கே வந்த கேடு என்றால் என் குற்றமில்லை அல்லவா! கீழே போய் டிவி பார்த்தேன். விமான நிலையத்தில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு அன்று காலை வந்த ஒரு புதுப்பிப்புக் கோப்பில் பிழை. நம் நேரப்படி 9:39க்கு வெளியிட்டு, 10:57க்குத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அந்த எழுபத்தெட்டு நிமிடத்துக்குள் அதை இறக்கிக்கொண்ட கணினிகள் நீலத் திரையோடு விழுந்து, எழுந்திருக்க முயன்று, மறுபடி விழுந்துகொண்டிருந்தன. ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் என்று பிறகு மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. உலகின் மொத்த விண்டோஸ் கணினிகளில் அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

கூழைக் குடித்துக்கொண்டே யோசித்தேன். என் தொல்லை ஜூன் 26இல் தொடங்கியது, இவர்களுடையது இன்று காலை. இவர்களுக்கு நீலத் திரை, எனக்கு உறைந்த திரை. அந்த மென்பொருள் பெரிய நிறுவனங்கள் வாங்குவது, குகையில் மாடி அறையில் இருக்க வாய்ப்பே இல்லை. ஆக, தம்பி சொன்னது தவறு. ஆனால் ஒரு வார்த்தை மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது: பாதுகாப்பு மென்பொருள். கணினியைக் காப்பாற்ற வைத்ததே கணினியைக் கவிழ்க்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. இது புதிதும் இல்லையாம். 2010 ஏப்ரலில் மெக்காஃபியின் ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த முக்கியக் கோப்பு ஒன்றையே வைரஸ் என்று பிடித்து, கணினிகளைத் திரும்பத் திரும்ப அணைந்து எழ வைத்திருக்கிறது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

விழுந்த கணினிகளை 'சேஃப் மோடில்' எழுப்பி, பிழையான கோப்பை அழிக்கிறார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். சேஃப் மோடு என்றால் விண்டோஸ் தனக்கு அத்தியாவசியமான டிரைவர்களை (கணினியின் உள்ளே இயங்கும் அடிப்படை நிரல்களை) மட்டும் வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட மற்றவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு எழுவது. ஆண்டிவைரஸும் அந்த வெளியாள்தான். சரி, நாமும் எழுப்பிப் பார்ப்போம் என்று மாடிக்குப் போனேன். செய்முறை எளிது. ஷிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒரு நீல நிறப் பட்டியல் வரும். அதில் டிரபிள்ஷூட், பிறகு அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், பிறகு ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், மறுபடி ரீஸ்டார்ட். அடுத்து வரும் பட்டியலில் 4ஐ அழுத்தினால் சேஃப் மோடு, 5ஐ அழுத்தினால் இணையத்தோடு கூடிய சேஃப் மோடு. கறுப்புத் திரையும் நாலு மூலையிலும் சேஃப் மோடு என்ற எழுத்துமாக எழுந்து வந்தது.

இரண்டு மணி நேரம் அதில் குடைந்தேன். கணக்குக் கோப்புகள் அனைத்தையும் ஒரு மடிப்பிலிருந்து (ஃபோல்டர்) இன்னொரு மடிப்புக்கு நகல் எடுத்தேன், நூற்றுக்கணக்கான பில் ஸ்கேன்களைத் திறந்து மூடினேன், தேடல் கொடுத்தேன். மூலையில் இருந்த கடிகாரம் ஒரு முறைகூட நிற்கவில்லை. அதே ரேம், அதே எஸ்எஸ்டி, அதே எஸ்எம்பிஎஸ், அதே கோணல் மின்சாரம். 7,030 ரூபாய் செலவு செய்து நான் தேடிய பதில், ஒரு பைசா செலவில்லாத இந்தச் சோதனையில் இருந்தது. இதை ஜூன் 26 மாலையே செய்திருக்கலாம். உங்கள் கணினி உறைந்தால் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால், பணப்பையைத் திறப்பதற்கும் முன்னால், சேஃப் மோடில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் உறைந்தால் டிஸ்க், ரேம், சூடு என்று போகலாம். அங்கே உறையாவிட்டால் கடைக்காரரிடம் அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

அடுத்தது, யார் அந்த வெளியாள். கட்டளைத் திரையை (Command Prompt) நிர்வாகி உரிமையோடு திறந்து, எஃப், எல், டி, எம், சி (fltmc) என்ற ஐந்து எழுத்துகளைச் சேர்த்துத் தட்டினால், கோப்புகளுக்கும் நமக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் வடிகட்டிகளின் பட்டியல் வரும் என்று போனில் தேடிக் கண்டுபிடித்தேன். கணினியை வழக்கம்போல் எழுப்பி, அது உறைவதற்குள் அவசர அவசரமாகத் தட்டினேன். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் 'ஆல்டிட்யூட்' என்று ஓர் எண் இருக்கும். வரிசையில் யார் மேலே, யார் கீழே என்பதைச் சொல்லும் எண். 3,20,000 முதல் ஏறத்தாழ 3,30,000 வரை ஆண்டிவைரஸ்களுக்கென்று மைக்ரோசாஃப்ட் ஒதுக்கிய வரிசை. விண்டோஸோடு வரும் டிஃபெண்டரின் இடம் அதில் 3,28,010. அது இருந்தது, நியாயம். நான் பணம் கொடுத்து வாங்கி வைத்திருந்த ஆண்டிவைரஸும் இருந்தது, அதுவும் நியாயம். அந்த வரிசையில் மூன்றாவதாக இன்னொரு பெயர் இருந்தது. நான் கேள்விப்பட்டதே இல்லை.

கண்ட்ரோல் பேனலில் நிரல்களின் பட்டியலைத் திறந்து, நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்தினேன். ஜூலை 17. ஒரே தேதியில் இரண்டு: பிடிஎஃப் கோப்புகளை ஒன்றாக இணைக்கும் ஓர் இலவச மென்பொருள், அதற்கு அடுத்த வரியில் ஓர் இலவச ஆண்டிவைரஸ்.

அப்போது எல்லாம் விளங்கிவிட்டது. ஜூன் 24ஆம் தேதி ஒரு பட்டறையின் பில்களை ஒரே பிடிஎஃப்பாகச் சேர்க்க அந்த இலவச மென்பொருளை இறக்கினேன். அதை நிறுவும்போது வந்த கட்டங்களில் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்திக்கொண்டே போனேன். ஏதோ ஒரு கட்டத்தில் "இதையும் சேர்த்து நிறுவு" என்று முன்கூட்டியே டிக் போட்ட ஒரு பெட்டி இருந்திருக்கிறது. அதோடு விடவில்லை நான். அந்த நிறுவல் கோப்பைப் பென் டிரைவில் 'தேவையானவை' என்று ஒரு மடிப்பில் பத்திரப்படுத்தினேன். தம்பி ஒவ்வொரு முறையும் விண்டோஸைச் சுத்தமாகப் போட்டுக் கொடுக்க, நான் என் கட்டண ஆண்டிவைரஸைப் போட்டு, பிறகு பிடிஎஃப் இணைக்கும் வேலை வரும்போது, ஜூலை 8இலும் 17இலும், என் கையாலேயே நோயை மறுபடி உள்ளே விட்டிருக்கிறேன். கடைக்காரன் ஏமாற்றுகிறான் என்று வீட்டில் எத்தனை முறை புலம்பியிருப்பேன்!

இரண்டு ஆண்டிவைரஸ் இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு இல்லையா என்று கேட்பீர்கள், நானும் கேட்டேன். கொலுசுப் பட்டறை தெரிந்தவர்களுக்கு இப்படிச் சொன்னால் புரியும். பட்டறையில் வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார்கள், வேலை முடிந்ததும் எடை போட்டு வாங்குவார்கள். அதற்கு ஒரு கணக்குப்பிள்ளை, ஒரு தராசு. வாசலில் இரண்டு கணக்குப்பிள்ளைகள் உட்கார்ந்து, "அவர் கையில் எடுக்கும் எதையும் முதலில் நான் எடை போட வேண்டும்" என்று ஒருவரைப் பற்றி ஒருவர் சொன்னால் என்ன ஆகும்? ஆசாரி கொலுசோடு நின்றுகொண்டே இருப்பார். ஆண்டிவைரஸ், நாம் திறக்கும் ஒவ்வொரு கோப்பையும் பாதியில் நிறுத்திச் சோதித்த பிறகே நிரலிடம் விடுகிறது. சோதிப்பதற்காக அதுவும் அந்தக் கோப்பைத் திறக்க வேண்டும். அதைத் திறப்பதை மற்றது நிறுத்திச் சோதிக்கிறது. பெரும்பாலும் சமாளித்துக்கொள்கின்றன, கணினி சற்று மெதுவாகும், அவ்வளவுதான். இரண்டும் ஒரே நொடியில் ஒன்றுக்காக ஒன்று காத்து நின்றுவிட்டால் கதை முடிந்தது, பின்னால் வரும் எல்லாக் கோரிக்கையும் வரிசையில் நிற்கும். டேலி போல நிமிடத்துக்கு நிமிடம் வட்டில் எழுதும் நிரல் வைத்திருப்பவர்களுக்கு அந்த நொடி சீக்கிரம் வந்துவிடும். டிஃபெண்டர் இந்தச் சண்டைக்கு வராது. வேறு ஆண்டிவைரஸ் பதிவானதைக் கண்டதும் தன் உடனடிச் சோதனையை நிறுத்திக்கொண்டு ஒதுங்கிவிடும், மற்றது போனதும் தானாகத் திரும்பி வரும். மற்றவை ஒன்றுக்கொன்று அப்படி வழிவிடுவதில்லை.

நீக்குவதிலும் ஒரு சிக்கல் இருந்தது. வழக்கமான முறையில் நீக்கினால் பாதியில் உறைகிறது. சேஃப் மோடில் போய் நீக்கலாம் என்றால், விண்டோஸ் இன்ஸ்டாலர் சேவை அங்கே ஓடாது, பிழைச் செய்தி வருகிறது. ஆண்டிவைரஸ் நிறுவனங்கள் பலவும் தங்கள் மென்பொருளை வேரோடு பிடுங்க ஒரு தனிக் கருவியை இலவசமாக வைத்திருக்கின்றன. வேறு எங்கிருந்தும் இறக்காமல், அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்க வேண்டும், ஏனென்றால் 'ஆண்டிவைரஸ் நீக்கி' என்ற பெயரிலேயே ஆயிரம் பொறிகள் உண்டு. போனில் இறக்கி, கேபிளில் கணினிக்கு மாற்றி, சேஃப் மோடில் ஓட்டினேன். இரவு 11 மணிக்குக் கணினி வழக்கம்போல் எழுந்தது. அந்த ஐந்து எழுத்துகளைத் தட்டினேன். வரிசையில் இரண்டு பெயர்தான். வெறுமனே நீக்கிவிட்டோம் என்று நம்பாமல் இப்படிச் சரிபார்ப்பது முக்கியம். நிரல் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும், டிரைவர் மட்டும் உள்ளே ஒட்டிக்கொண்டிருப்பதுண்டு.

உறங்கவில்லை. அடுத்த நாள் மாலைக்குள் ஒன்பது 3பியும் முடிந்தன. கடைசி நாள் என்பதால் ஜிஎஸ்டி தளம் நத்தைபோல் ஊர்ந்தது. அதற்காக நான் ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை, ஊர்வதும் நிற்பதும் வேறு வேறு என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

செலவைப் பிரித்துச் சொன்னால், ரேமும் எஸ்எஸ்டியும் சேர்ந்த 4,300 ரூபாய் முழு வீண் இல்லை. கணினி இப்போது முன்னைவிட வேகம், அதை ஒப்புக்கொள்கிறேன். மற்ற 2,730 ரூபாய் போனது போனதுதான். பழைய எஸ்எம்பிஎஸ் நன்றாகத்தான் இருக்கிறது, பரணில் கிடக்கிறது. கடையில் புதியதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. பொருத்திய பொருளைத் திரும்ப வாங்கமாட்டார்கள், ஆகவே மாற்றுவதற்கு முன்னால் "கடையிலிருந்து ஒன்றை இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா, தம்பி?" என்று கேளுங்கள். பல கடைகளில் சம்மதிப்பார்கள், கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு ஆண்டிவைரஸே வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். பன்னிரண்டு பேரின் வங்கிக் கணக்கும் கடவுச்சொல்லும் இருக்கும் கணினியை அப்படித் திறந்துபோட எனக்குத் துணிவில்லை. ஒன்று இருக்க வேண்டும், ஒன்றுதான் இருக்க வேண்டும். சந்தா முடிந்ததும் கட்டண ஆண்டிவைரஸையும் எடுத்துவிட்டேன், இப்போது டிஃபெண்டர் மட்டும். கணக்குக் கோப்புகள் இருக்கும் மடிப்பைச் சோதனையிலிருந்து விலக்கிவைத்தால் டேலி இன்னும் வேகமாகும் என்று ஒருவர் சொன்னார். செய்யலாம், ஆனால் விலக்கிய மடிப்பு காவலில்லாத வீடு. நான் விலக்கவில்லை. அதற்குப் பதிலாகத் தினமும் மாலை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து, கேபிளைப் பிடுங்கி, பீரோவில் வைக்கிறேன். கேபிளைப் பிடுங்காவிட்டால், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். பில்களை இணைக்கும் வேலைக்கு, ஸ்கேனரோடு வந்த மென்பொருளே போதும் என்று ஆகஸ்டில்தான் கண்டுபிடித்தேன், அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

இன்னொரு பழக்கமும் வந்திருக்கிறது. மேசையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. கணினியில் எதை நிறுவினாலும், எது புதுப்பித்துக்கொண்டாலும், எப்போது நின்றாலும் தேதி போட்டு ஒரு வரி. ஜூன் மாதத்திலேயே அந்த நோட்டு இருந்திருந்தால், '24 - பிடிஎஃப்', '26 - நின்றது' என்ற இரண்டு வரிகளும், '8 - பிடிஎஃப்', '9 - நின்றது' என்ற இரண்டு வரிகளும் என்னைப் பார்த்துப் பல்லிளித்திருக்கும்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் தம்பி போன் செய்தான். அம்மாபேட்டையில் ஒரு வீட்டில் இருக்கிறானாம், கணினி நின்று நின்று போகிறதாம், ரேம் மாற்றியும் கேட்கவில்லையாம். பின்னணியில் யாரோ ஒரு பெரியவர், "இன்னும் எவ்வளவு ஆகும், தம்பி?" என்று கேட்பது எனக்குக் கேட்டது. "அக்கா, அந்த ஐந்து எழுத்து என்ன சொன்னீர்கள்?" என்றான். நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னேன்.